களாக்காய்க்கு நாங்கள் வைத்த பேர்

போன மாதம் என் பழைய கம்பெனியிலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி விற்பனைப் பிரிவு. இன்னொருத்தி, நான் ஓய்வு பெறும்வரை பார்த்த பாகுப் பிரிவில் இப்போது பொறுப்பாக இருப்பவள். கையில் ஒரு கண்ணாடிப் பாட்டில் கொண்டுவந்திருந்தார்கள். அதன் நெற்றியில் பெரிய எழுத்தில் 'களாக்காய்' என்று அச்சடித்திருந்தது. கீழே முள்ளும் காயுமாக ஒரு கிளையின் படம். பித்தம் தணியும், வாய்க்கசப்பு போகும், பசி எடுக்கும் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

"இப்ப இதுதாம்மா நல்லாப் போகுது. களாக்காய்னு பேரு போட்டாத்தான் கேட்டு வாங்குறாங்க. நீங்க ஆரம்பத்துலேருந்து இருந்தவங்க. நம்ம கம்பெனியப் பத்தியும் களாக்காயப் பத்தியும் பெருமையா நாலு பக்கம் எழுதிக் குடுங்க. ஆண்டு மலர்ல போடுறோம்" என்றாள் பாகுப் பிரிவுப் பெண்.

சரி என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போன பிறகு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பெருமையாக ஒரு வரிகூட வரவில்லை. வந்ததை எழுதியிருக்கிறேன். மலரில் போடுவார்களா என்று தெரியாது.

நான் பஞ்சவர்ணம். அரிமளத்துக்குப் பக்கத்து ஊர். பன்னிரண்டாவது முடித்து, கல்யாணமாகி, பையன் பிறந்து அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் வேலைக்குக் கிளம்பினேன். புதுக்கோட்டையில் பழம் பதப்படுத்தும் பயிற்சி என்று சில மாதம் நடத்தினார்கள். ஜாம், ஸ்குவாஷ், ஊறுகாய். சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கொண்டுபோய் ரோட்டோரம் இருந்த அந்தக் கம்பெனியில் காட்டினேன். மறுநாளே வரச் சொன்னார்கள்.

கம்பெனியில் முக்கியமான சரக்கு செர்ரி. கேக்கின் மேலும், ஐஸ்கிரீமின் மேலும், கல்யாணப் பந்தியில் பீடாவில் குத்தியும் வைக்கிறார்களே, அந்தச் சிவப்புப் பழம். சேர்ந்த அன்று கூடத்துக்குள் நுழைந்தபோது நான் தேடினேன், எங்கே அந்தப் பழம் என்று. சிமெண்டுத் தொட்டி தொட்டியாக உப்புத் தண்ணீரில் மிதந்தது எல்லாம் களாக்காய்.

எங்கள் பக்கத்தில் களாக்காயைத் தெரியாதவர்கள் கிடையாது. காட்டில் தானாக முளைப்பது சிறுகளா. வேலிக்கென்று வைப்பது பெருங்களா. கிள்ளினால் பால் வடியும், விரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். காயை இரண்டாக நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் குலுக்கினால் பழைய சோற்றுக்கு வேறெதுவும் வேண்டாம். பருப்பில் புளிக்குப் பதிலாகப் போடுவோம். மசக்கைக்காரிகளுக்கு வாய் குமட்டினால் ஒரு காயைக் கடித்துக்கொள்ளச் சொல்வோம். நானே என் பையனைச் சுமந்தபோது முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். பழுத்தால் கறுத்துவிடும், இனிக்கும், உதடெல்லாம் கறையாகும். இவ்வளவு இருந்தும் கடைவீதியில் அதற்கு மரியாதை கிடையாது. சாக்கில் குவித்துப் படியால் அளந்து கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அந்தக் காயைத்தான் நாங்கள் செர்ரி ஆக்கினோம்.

எப்படி ஆக்குவது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தெய்வநாயகம் சார். உற்பத்தி மேலாளர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியான மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் ஒரு எவர்சில்வர் ஸ்பூன். ஒவ்வொரு அண்டாவிலும் அவரே ருசி பார்ப்பார். பார்த்த ஸ்பூனை வேறு யாரிடமும் கழுவக் கொடுக்க மாட்டார். தானே குழாயடிக்குப் போய் அலம்பி, துடைத்து, பையில் வைத்துவிட்டுத்தான் அடுத்த அண்டா. கூட்டிப் பெருக்க வரும் அம்மாவைக்கூட "வாங்க, சாப்பிட்டீங்களா" என்றுதான் கேட்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

காய் முற்றியிருக்க வேண்டும், ஆனால் நிறம் ஏறியிருக்கக் கூடாது. வந்ததும் கழுவி உப்புத் தண்ணீரில் போடுவோம். பால் அதில் இறங்கிவிடும். அப்புறம் மருந்துத் தண்ணீர். அதில் ஊறினால் பச்சை வெளுத்து, காய் யானைத் தந்தத்தின் நிறத்துக்கு வந்துவிடும். அதன் புளிப்பிலும் முக்கால்வாசி போய்விடும். பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, நுனி வளைந்த கம்பியால் காம்புப் பக்கம் குத்தி விதையை எடுப்பார்கள். பழம் பிளந்துவிடாமல் எடுக்க வேண்டும். மறுபடி கழுவல், கழுவல், கழுவல். மருந்து வாடை துளியும் இருக்கக் கூடாது. அதன் பிறகு வேகவைத்து, சிவப்புச் சாயம். சாயம் உள்ளே ஏறிய பிறகு கொஞ்சம் எலுமிச்சை உப்பு போட்டால், அந்தச் சிவப்பு உள்ளேயே உறைந்து நின்றுவிடும். கடைசியாகப் பாகு. முதல் நாள் நீர்த்த பாகு. ஒவ்வொரு நாளும் வடித்து, காய்ச்சி, இன்னும் கொஞ்சம் கெட்டியாக்கி மறுபடி ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு முதல் நாளே கெட்டிப் பாகை ஊற்றினால் காய் சுருங்கி வற்றலாகிவிடும்.

மீட்டர் வைத்துத்தான் பாகின் பதம் பார்ப்பார்கள். எனக்கு இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதனால்தான் விதை எடுக்கும் வரிசையிலிருந்து சார் என்னைப் பாகுக்கு மாற்றினார்.

ஒரு தடவை பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. கிறிஸ்துமஸ் நேரம். வழக்கமான சாயம் கிடைக்கவில்லை என்று முதலாளி வேறு எங்கிருந்தோ ஒரு டப்பா வாங்கி அனுப்பினார். அண்டா முழுக்கச் சாயமேற்றி முடித்துவிட்டோம். சார் வந்து ஒரு பழத்தை எடுத்து வெள்ளை ரொட்டித் துண்டின்மேல் வைத்தார். அதுதான் அவருடைய சோதனை. மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தபோது பழத்தைச் சுற்றி ரொட்டியில் ரோஜா நிறத்தில் வளையம். சார் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அண்டாவின் அடைப்பைத் தானே பிடுங்கினார். அத்தனை காயும் சாக்கடையில் போயிற்று.

முதலாளி போனில் கத்தியது எனக்கே கேட்டது. சார் அமைதியாகச் சொன்னார், "சார், நாம பொய் விக்கலாம். விசம் விக்கக் கூடாது. பொய்யத் தின்னு யாரும் சாகறதில்ல."

அன்றைக்கு எனக்கு அது மிகப் பெரிய வார்த்தையாகப் பட்டது. இப்படி ஒருவரிடம் வேலை பார்க்கிறோமே என்று நெஞ்சு நிமிர்ந்தது. வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அக்கம்பக்கத்தில் சொன்னேன். எங்கள் செர்ரியை வெள்ளைக் கிரீமில் வைத்தால் ஒரு பொட்டுச் சிவப்பு இறங்காது என்று யார் வந்தாலும் சொல்வேன். அதைச் செர்ரி என்றே சொல்வேன். களாக்காய் என்ற வார்த்தை கம்பெனி வாசலுக்கு வெளியே வரக் கூடாது என்பது எழுதாத சட்டம். யாரும் மிரட்டவில்லை. எங்களுக்கே அது பழகிவிட்டது.

எனக்கு அடுத்த வீடு சித்ராவின் வீடு. அவள் புருஷன் துபாயில். ஒரே மகள் நிவேதா. கைக்குழந்தையிலிருந்தே என் இடுப்பில் வளர்ந்தவள், என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். அவளுக்கு மூன்று வயது இருக்கும்போது, கழித்துப்போட்ட காயில் கொஞ்சம் ஊறுகாய்க்கென்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவள் ஒன்றை எடுத்து நக்கினாள். கொஞ்ச நேரத்தில் உதடு தடித்து, கன்னமெல்லாம் கொசு கடித்ததுபோல் திட்டுத் திட்டாகக் கிளம்பிவிட்டது. டாக்டர் மருந்து கொடுத்து, இந்தக் காய் இவளுக்கு ஆகாது, வாயில் படவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து நான் வீட்டுக்கு ஒரு காய்கூடக் கொண்டுவந்ததில்லை. வேலை முடிந்து வந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, சேலையை மாற்றின பிறகுதான் அவளைத் தூக்குவேன். சித்ராவே சிரிப்பாள், "அக்கா, ஆப்ரேசன் பண்ற டாக்டர் மாதிரில்ல கை கழுவுறீக" என்பாள்.

நிவேதா பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் அவள் பிறந்தநாளுக்குக் கேக் வெட்ட வேண்டும் என்று அவள் அப்பா ஆசைப்பட்டார். அதுவரை எங்கள் தெருவில் யாரும் கேக் வெட்டியதில்லை. சாயங்காலம் வேலை முடிந்து நான் வந்தபோது கேக் வெட்டியாகிவிட்டது. தெருப் பிள்ளைகள் எல்லாம் வாயில் கிரீமோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போலக் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். சித்ராவின் குரல் கேட்டது. "அக்கா, இங்கிட்டு வாங்க. இவளப் பாருங்க" என்றாள்.

பிள்ளை வாயைச் சொறிந்துகொண்டு நின்றாள். "வாயெல்லாம் அரிக்குது பெரியம்மா" என்றாள். புதுக் கவுனுக்கு மேலே கழுத்தில் திட்டுத் திட்டாகத் தடிப்பு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் இமை வீங்கிற்று. ஒரு தடவை வாந்தி எடுத்தாள். அதன் பிறகு குரல் மாறிவிட்டது. தொண்டையில் துணி அடைத்ததுபோல் பேசினாள்.

எதிர்வீட்டு ஆட்டோவில் ஏற்றினோம். ஓட்டினவரிடம் நிறுத்தாமல் போங்க என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. பிள்ளை என் மடியில் கிடந்தாள். மூச்சு விடும்போது விசில் சத்தம் மாதிரி வந்தது.

"என்னத்தடி குடுத்த?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே குடுக்கலக்கா. கேக்குதான். மத்தியானம் சோறும் ரசமும். களாக்காய் எங்கிட்டும் கெடையாது, சாமி சத்தியமா."

"கேக்கு மேல என்ன இருந்துச்சு?"

"ரோசாப்பூ போட்டிருந்தாக. சுத்திச் செர்ரிப்பழம். இவதானே பிறந்தநாள்காரி, செர்ரி எல்லாம் எனக்குத்தான்னு பிடுங்கிப் பிடுங்கித் தின்னா."

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பேக்கரிகளுக்கெல்லாம் செர்ரி டின் போவது எங்கள் கம்பெனியிலிருந்துதான். அந்தப் பழம் என் பாகில் ஊறியதாகத்தான் இருக்கும். கையை முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்து தூக்கினேனே, அந்தப் பிள்ளைக்கு. ஆட்டோ குலுங்கக் குலுங்க நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியாஸ்பத்திரியில் வாசலிலேயே பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள். பணியில் இருந்தது ஒரு பெண் டாக்டர், சின்ன வயசு. பார்த்தவுடனே தொடையில் ஒரு ஊசி போட்டார். மூக்கில் குழாய் வைத்தார்கள். அதற்கு நடுவிலேயே அவர் கேட்டுக்கொண்டிருந்தார், "என்ன சாப்பிட்டா? முன்னாடி எதுக்காவது இப்படி வந்திருக்கா?"

"களாக்காய்க்கு வந்திருக்குங்க. ஆனா இன்னைக்கு அது திங்கல. கேக்கும் செர்ரியும்தான்" என்றாள் சித்ரா.

"செர்ரிதான் சேரலையா? இல்ல முட்டையா? பாலா?"

நான் சொன்னேன். "அது செர்ரி இல்லீங்க டாக்டர். களாக்காய்."

டாக்டருக்குப் புரியவில்லை. "செர்ரின்னு இப்பத்தானே சொன்னாங்க?"

"பேருதாங்க செர்ரி. களாக்காயத்தான் வெளுக்க வச்சு, வெதை எடுத்து, செகப்புச் சாயம் போட்டுப் பாகுல ஊறப்போடுறது. நான் அந்தக் கம்பெனியிலதான் வேலை பாக்குறேன். நான்தான் பாகு போடுறேன்."

ஊசி மருந்தை எடுத்துவைத்துக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பி என்னைப் பார்த்தார். டாக்டர் ஒரு நொடி பேனாவை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டார். சித்ரா மட்டும் என் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஊசி வேலை செய்தது. மெல்ல மெல்ல விசில் சத்தம் அடங்கிற்று. முகத்தின் வீக்கம் வற்ற ஆரம்பித்தது. ஒரு நாள் இங்கேயே இருக்கட்டும், வீக்கமும் மூச்சுத்திணறலும் திரும்ப வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை தூங்கிவிட்டாள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் சித்ரா, அந்தப் பக்கம் நான்.

சித்ராதான் முதலில் கேட்டாள். "எல்லாச் செர்ரியுமாக்கா?"

"நம்ம பக்கம் கெடைக்கிறது அம்புட்டும் அதான்."

அவள் பிள்ளையின் கவுனில் ஒட்டியிருந்த கிரீமை நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசினாள். "கேக்கு சொல்லப் போனப்ப நான் அந்தக் கடைக்காரர்ட்டக் கேட்டேன்க்கா. என் புள்ளைக்குக் களாக்காய் ஆகாது, இதுல அது மாதிரி ஏதும் சேக்குறீகளான்னு. அவரு சிரிச்சாரு. கேக்குல யாரும்மா களாக்காய் போடுவான்னாரு. எனக்கே கூச்சமாப் போச்சு, பட்டிக்காட்டாளு மாதிரி கேட்டுட்டமேன்னு."

அந்தக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது. டின்னில் செர்ரி என்று போட்டிருந்தது, அவர் நம்பினார். சித்ரா ஒரு தாய் கேட்க வேண்டியதைக் கேட்டாள். அவரவர் செய்ய வேண்டியதை அவரவர் சரியாகத்தான் செய்திருந்தார்கள். பதில் தெரிந்த ஆள் அடுத்த வீட்டில் இருந்தேன். கேக் வாங்கப்போகிற சேதி எனக்கும் தெரியும். கேக் என்றால் மேலே செர்ரி என்பதும் தெரியும். என் புத்திக்கு அந்த இரண்டும் ஒன்றாகப் படவே இல்லை. அத்தனை வருஷம் செர்ரி என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது செர்ரியாகிவிட்டிருந்தது. மற்றவர்களை ஏமாற்றினோம் என்பதைவிட இதுதான் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

சித்ரா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. "நீங்க சொன்னதாலதான் டாக்டரம்மாவுக்கு வெளங்குச்சு" என்றாள். அதைக் கேட்டபின் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. டீ வாங்கி வாரேன் என்று சொல்லிவிட்டு வராந்தாவில் போய் நின்றேன்.

வேலைக்குப் போனதும் தெய்வநாயகம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ருசி பார்த்த ஸ்பூனைக் கையில் வைத்தபடியே கேட்டார். அதைக் கழுவக்கூட இல்லை, மேசைமேல் வைத்துவிட்டார்.

"பொண்ணு பேரு என்னங்க?" என்றார்.

"நிவேதா சார்."

"இப்ப எப்படி இருக்கு?"

"வீட்டுக்கு அனுப்பிட்டாக."

"சாயங்காலம் நான் வரேன். அந்த அம்மாட்ட கேட்டுச் சொல்லுங்க, வரலாமான்னு."

அதற்குள் விதை எடுக்கும் பெண்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. அவர்களில் மூத்தவள் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள், "ஆஸ்பத்திரியில போயி நம்ம கம்பெனிப் பேரச் சொன்னியாமே. இழுத்து மூடிட்டுப் போனா எங்க புள்ளைகளுக்கு நீயா சோறு போடுவ?" அவள் கேட்டதிலும் தப்பில்லை. அவளும் என்னைப்போல வேலைக்கு வந்தவள்தான்.

சாயங்காலம் சார் வந்தார். கையில் பழமோ பிஸ்கட்டோ எதுவும் இல்லை. வேண்டுமென்றேதான் வெறுங்கையோடு வந்தார் என்று நினைக்கிறேன். எதைத் தின்னக் கொடுத்தாலும் அந்த வீட்டில் அது உறுத்தும். சித்ரா நாற்காலியை எடுத்துப்போட்டு டீ கொடுத்தாள். அவர் கிளாஸை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். பிள்ளை கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். இமையில் இன்னும் கொஞ்சம் வீக்கம் இருந்தது.

"அம்மா, தப்பு எங்களோடது. இத்தனை வருசமா ஒரு விசத்தையும் கலக்க விட்டதில்ல நான். அத மட்டும்தான் பாத்தேன். பேரு மாத்துறது பெருசாத் தெரியல எனக்கு" என்றார் சார்.

சித்ரா யோசித்துவிட்டுத்தான் பேசினாள். குரலில் கோபம் இல்லை. "எனக்கு விசம்னா என்னன்னு படிப்பெல்லாம் தெரியாதுங்க சார். ஊரு பூராத் திங்கிறது இவளுக்கு மட்டும் விசம். பேரு தெரிஞ்சாத்தானே நான் ஒதுக்க முடியும்."

சார் தலையைக் குனிந்துகொண்டார். டீ ஆறி மேலே ஆடை படர்ந்துவிட்டது. அதைக் குடிக்காமலே கிளாஸை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டும்போது கால் இரண்டு தடவை தவறிற்று. அவ்வளவு நிதானமான மனிதர்.

அடுத்த வாரம் முதலாளி வந்தார். கண்ணாடி அறைக்குள் இரண்டு பேரும் பேசியது எங்களுக்கு முழுவதும் கேட்கவில்லை. சார் வெளியே வந்து என்னிடம் சொன்னார். டின்னின் முன்பக்கம் 'களாக்காய்' என்று போட வேண்டும் என்று இவர் கேட்டிருக்கிறார். அப்படிப் போட்டால் ஒரு பேக்கரிக்காரனும் வாங்க மாட்டான் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். கடைசியில் சின்ன டின்களில் மட்டும், பின்பக்கம், கீழே, சின்ன எழுத்தில் போடுவது என்று முடிவு. வெளியூருக்குப் போகிற பெரிய டின்கள் பழையபடிதான்.

புது டின் அச்சாகி வந்தபோது சார் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "பஞ்சவர்ணம், ஒங்க கண்ணுக்குத் தெரியுதாங்க?" என்று கேட்டார்.

"உத்துப் பாத்தாத் தெரியுது சார்."

அந்த மாதக் கடைசியில் அவர் வேலையை விட்டார். பாராட்டு விழா எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போகும்போது விதை எடுக்கும் வரிசையில் ஒவ்வொருத்தியிடமும் போய் வாரேங்க என்று சொன்னார். என்னிடம் வந்ததும், "நீங்க பாத்துக்கங்க" என்றார். எதை என்று சொல்லவில்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, சார் பார்த்த வேலையில் பாதியை நீங்கள் பாருங்கள், பொறுப்பாளராகப் போடுகிறேன் என்றார். என் பையன் அப்போது திருச்சியில் இன்ஜினியரிங் சேர்ந்திருந்தான். வீட்டுக்காரருக்கு முதுகு வலி வந்து வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். ஒரு நாள் யோசிக்கிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. சரிங்க என்றேன். ஒரு மனிதர் எதற்காக எழுந்து போனாரோ, அது அப்படியே இருக்க, அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். பெரிய டின்கள் லாரி ஏறும் நாளில் கூடத்தின் பின்பக்கம் போய் ஏதாவது வேலை பார்ப்பேன். எந்த ஊரில் எந்தப் பிள்ளை பிறந்தநாளுக்கு அதைப் பிடுங்கித் தின்னும் என்று நினைப்பு ஓடும். முதலாளியிடம் இரண்டு தடவை எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டாம் தடவை அவர் முகம் மாறியது. மூன்றாம் தடவை நான் கேட்கவில்லை. என்னால் முடிந்தது ஒன்றே ஒன்றுதான். அரிமளம், இலுப்பூர், ஆவுடையார்கோவில் என்று உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகிற இடமெல்லாம், பேக்கரி கண்ணில் பட்டால் உள்ளே போவேன். இது களாக்காய், யாராவது கேட்டால் சொல்லுங்க என்று சொல்வேன். சிலர் சரி என்றார்கள். சிலர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒருவர், "ஏம்மா, ஒங்களுக்கு அவுகளோட ஏதும் தகராறா?" என்று கேட்டார். நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இல்லீங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்போது களாக்காய் என்று பாட்டிலின் நெற்றியிலேயே பெரிதாக எழுதுகிறார்கள். ஒரு பிள்ளைக்கு மூச்சு அடைத்ததற்காக அந்த எழுத்து பெரிதாகவில்லை. நாட்டுக்காய், மருந்துக்காய் என்று சொன்னால் ஜனங்கள் வாங்குகிற காலம் வந்ததால் பெரிதாயிற்று. அந்த இரண்டு பெண்களுக்கும் இது தெரியாது. தெரிந்துகொள்ளட்டும்.

நிவேதா இப்போது திருச்சியில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சித்ரா அவளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்திருந்தாள். கடைப் பண்டம் எதுவானாலும் வாயில் வைப்பதற்கு முன்னால் பெரியம்மாவிடம் கேட்க வேண்டும். சின்னப் பிள்ளையில் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் ஓடிவந்து காட்டுவாள். இப்போது போன்.

போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். பின்னால் ஒரே சிரிப்பும் பேச்சுமாகக் கேட்டது.

"பெரியம்மா, இங்க ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாளு. ஐஸ்கிரீம் குடுத்திருக்காங்க. மேல செகப்பும் பச்சையுமாப் பொடிப்பொடியாக் கெடக்கு. டூட்டி ஃப்ரூட்டியாம். அது என்ன பழம்?"

"அது பழமே இல்ல தாயி. பப்பாளிக்காய். நறுக்கிச் சாயம் போட்டுப் பாகுல போடுறது."

"பப்பாளிதானே, நான் தின்பேனே."

"பப்பாளி ஒனக்கு ஆகும். ஆனா அதப் போடுறதும் களாக்காய் போடுற அதே அண்டாதான், அள்ளுறதும் அதே கரண்டிதான். வேணாம்டா. மேல ஒண்ணும் போடாம வேற கப்புல வாங்கிக்க."

"சரி பெரியம்மா" என்றாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

போனை அணைக்க மறந்துவிட்டாள். யாரோ ஒரு பிள்ளை அவளிடம், கொஞ்சூண்டு தின்னா ஒண்ணும் ஆகாதுடி என்று சொல்வது கேட்டது. அதற்கு நிவேதா சொன்னதும் கேட்டது.

"இல்லடி, எங்க பெரியம்மா வேணாம்னுட்டாங்க. அவங்க இதெல்லாம் செஞ்சவங்க. அவங்க ஒண்ணு சொன்னா அது சரியா இருக்கும். அவங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அவர்கள் சிரிப்புக்கு நடுவில் நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். எனக்கும் அணைக்கத் தோன்றவில்லை.